ராத்திரியில் ஓரம் தூக்கும் ஓடுதளம்

ஓசூருக்கு விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டசபையில் அறிவித்ததிலிருந்து கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்து விலைதான் பேச்சு. காவேரிப்பட்டணத்து வாசகர் ஒருவர் மட்டும் வேறு மாதிரி கேட்டிருக்கிறார்: 200 டன் விமானம் இறங்கினால் தரை தாங்குமா, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

தரைக்குள்ளேயே சென்சாரைப் புதைத்துத்தான். அமெரிக்காவில் 1995இல் திறந்த டென்வர் விமான நிலையத்தில், கட்டும்போதே ஒரு ஓடுதளத்தின் கான்கிரீட்டில் 460 சென்சார்கள் வைத்தார்கள். அவற்றில் முக்கியமானது ஸ்ட்ரெயின் கேஜ், அதாவது கான்கிரீட் எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது (இதுதான் ஸ்ட்ரெயின்) என்று அளக்கும் மெல்லிய உலோக இழை. இழுபட்டால் மின்தடை கூடும், அமுங்கினால் குறையும். அந்தச் சின்ன மாற்றத்தை அளப்பது பள்ளியில் படித்த வீட்ஸ்டன் சுற்று, அதாவது மின்தடையை ஒப்பிட்டு அளக்கும் மின்சுற்றுதான்.

சரி, சுவாரசியமே இனிமேல்தான். ஒரே விமானம் அதே இடத்தில் காலையில் ஏறினால் ஒரு அளவு, மத்தியானம் ஏறினால் வேறு அளவு! காரணம் வெயில். 10 டிகிரி சூடு ஏறினால் கான்கிரீட் மீட்டருக்கு சுமார் 0.1 மில்லிமீட்டர் நீளும். பகலில் மேல்பக்கம் மட்டும் சூடாகி நீள, அடிப்பக்கம் அப்படியே இருக்க, கான்கிரீட் பலகையின் (ஓடுதளம் இப்படித் தனித்தனிப் பலகைகளாகத்தான் போடப்படும்) நடு லேசாக உப்பும். ராத்திரி மேல்பக்கம் முதலில் குளிர்ந்து சுருங்குவதால், காயப்போட்ட அப்பளம் மாதிரி மூலைகள் தூக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மூலைக்கு அடியில் மண்ணின் பிடிமானம் போய்விடும். விடியற்காலையில் சக்கரம் அந்த மூலையில் ஏறினால், பலகையின் மேல்பக்கம் இழுபடும். கான்கிரீட் அமுக்கினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால்தான் தாங்காது. விரிசல் மேலிருந்தே கிளம்பும். அதனால்தான் மேலே ஒன்று கீழே ஒன்று என்று ஜோடியாக கேஜ் வைத்து, பல ஆழத்தில் வெப்பநிலையையும் அளக்கிறார்கள்.

ஆக, நேரமும் வெப்பநிலையும் இல்லாத ஸ்ட்ரெயின் எண் வெறும் குப்பை. மூன்றையும் சேர்த்து அப்படியே இணையத்தில் போட்டால்தான் வேறு ஊர் ஆராய்ச்சியாளர் தன் கணக்கைச் சரிபார்க்க முடியும். அமெரிக்க விமானத்துறை நியூஜெர்சி சோதனைக்கூடத்துத் தரவை அப்படித்தான் இலவசமாகத் தருகிறது. மக்கள் வரிப்பணத்தில் எடுத்த அளவைப் பீரோவில் பூட்டுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். தொப்பூர் கணவாயில் விபத்து நடந்தால் திருஷ்டிப் பூசணி உடைக்கத் தயாராக இருக்கிறோம், அளவெடுக்கக் காசு கேட்டால் மட்டும் யோசிக்கிறோம். (உடைத்த பூசணியில் வழுக்கி விழும் பைக்காரர் தனிக் கணக்கு.)

ஓசூரில் ஓடுதளம் கான்கிரீட்டோ தாரோ, சென்சார் வைப்பதென்றால் போடும்போதே வைத்துவிட வேண்டும். அப்புறம் வெட்டி வைத்தால் வெட்டிய இடமே பலவீனமாகிவிடும். அந்தத் தரவு பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி மாணவருக்கும் கிடைக்கும் என்று டெண்டரிலேயே எழுதிவிடுங்கள்.