பிறந்த குழந்தைக்குச் சூடு எங்கிருந்து கிடைக்கிறது?

சிங்கப்பூர் மருத்துவமனைகளில் இப்போதெல்லாம் குழந்தை பிறந்ததும் உடம்பைத் துடைத்துவிட்டு, துணி சுற்றாமல் தாயின் வெறும் மார்பில் கவிழ்த்துப் படுக்க வைக்கிறார்கள். இதைக் கேள்விப்படும் பாட்டிமாருக்கு மனசு கேட்பதில்லை. "ஏசி அப்படி ஓடுமே, பிள்ளைக்குக் குளிராதா?" என்கிறார்கள். நியாயமான கவலைதான். குளிர் ஆபத்து என்பதால்தான் குழந்தையை அங்கே வைக்கிறார்கள்.

கருப்பைக்குள் சுமார் 37 டிகிரி செல்சியஸில் இருந்த உடம்பு ஈரத்தோடு வெளியே வருகிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோய்விடும். குழந்தையின் எடைக்குத் தோல் பரப்பு மிக அதிகம். நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்கு முடியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்க வேண்டும். அதற்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் செலவாகும். குளிர்ந்துபோன குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை இறங்குவது இதனால்தான். போர்வை இருக்கிற சூட்டைக் காக்கும், புதிதாகக் கொடுக்காது. தாயின் தோல் கொடுக்கும். தலைக்குக் குல்லாவும் முதுகின்மேல் உலர்ந்த துணியும் போட்டால் போதும்.

கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970களின் இறுதியில் இன்குபேட்டர்கள் போதாமல் போனபோது, மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா எடை குறைந்த குழந்தைகளைத் தாய்மாரின் மார்போடு அணைத்து வைக்கச் செய்தார். 'கங்காரு பராமரிப்பு' அங்கே பிறந்ததுதான். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. 1 முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளை, உடல்நிலை சீராகட்டும் என்று காத்திராமல் பிறந்த கையோடு தாயின் மார்பில் வைத்தார்கள். இறப்பு சுமார் கால்பங்கு குறைந்தது. எனக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

சரி, நிறைமாதக் குழந்தைக்கு? பிறந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் அது நன்றாக விழித்திருக்கும். அப்புறம் ஆழ்ந்து தூங்கிவிடும். அந்த விழிப்பில் வாசனை பிடித்து மெல்ல ஊர்ந்து, தானே காம்பைத் தேடிப் போகும். அது சப்பும்போது தாயின் உடலில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அதனால் கர்ப்பப்பை இறுகி, ரத்தப்போக்கு குறைகிறது. முதலில் வரும் சீம்பால் சில சொட்டுகள்தான். அந்தச் சின்ன வயிற்றுக்கு அது போதும்.

வார்டுக்கு வந்த பிறகுதான் அன்பின் பெயரால் பிரிவு தொடங்குகிறது. "அவ தூங்கட்டும், பிள்ளை ராத்திரி நர்சரியில இருக்கட்டும்" என்று வீட்டார் சொல்வார்கள். ஆனால் அழுகை பசியின் கடைசி அறிகுறி. அதற்கு முன்பே குழந்தை வாயைத் திறந்து தலையைத் திருப்பும், கையைச் சப்பும். பக்கத்தில் இருந்தால்தான் இது தாயின் கண்ணில் படும். மார்பில் பால் தேங்கினால் சுரப்பு குறையும். அடிக்கடி குடித்தால் கூடும். முதல் சில நாள் இரவுகள் இதில் மிக முக்கியம். குழந்தையையும் தாயையும் இரவும் பகலும் ஒரே அறையில் வைக்க உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் வலியுறுத்துவது இதனால்தான்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். மார்பில் இருக்கும் குழந்தையின் மூக்கும் வாயும் மூடாமல், கழுத்து மடங்காமல், முகம் வெளியே தெரிய வேண்டும். மருந்து மயக்கத்திலோ அசதியிலோ தாய்க்குக் கண் சொக்கினால் குழந்தையைக் கட்டிலை ஒட்டிய தொட்டிலுக்கு மாற்றிவிட வேண்டும். சிசேரியன் ஆன தாய்க்கு உடனே முடியாவிட்டால், அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம். அவர் தோலும் அதே சூட்டைக் கொடுக்கும்.