'ஏ1, ஏ2' என்று ஏன் சொன்னார்? மக்களவையில் பேச்சுரிமையும் அதன் வேலிகளும்

2024 ஜூலை 29, மக்களவையில் பட்ஜெட் விவாதம். எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி மகாபாரதத்தின் சக்கர வியூகத்தை எடுத்துக்கொண்டார். அபிமன்யுவை ஆறு பேர் சூழ்ந்து கொன்றதுபோல் இன்றைய இந்தியாவையும் ஆறு பேர் சூழ்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிப் பெயர்களை அடுக்கினார். அவர்களில் சிலர் அவையின் உறுப்பினர்கள் அல்லர். சபாநாயகர் ஓம் பிர்லா குறுக்கிட்டார். அதன் பிறகு அம்பானி, அதானி ஆகிய இரண்டு தொழிலதிபர்களைக் குறிப்பிட வேண்டிய இடத்தில் ராகுல் காந்தி 'ஏ1, ஏ2' என்றார்.

இதைக் கிண்டல் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் விஷயத்தில் பாதி புரியாமல் போய்விடும். நாடாளுமன்றத்தில் ஒருவரின் பேச்சு நடை மாறும்போது அவருடைய சுபாவத்தையும் ஆலோசகர்களையும் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அந்த நடையைச் செதுக்குவதில் மக்களவையின் நடைமுறை விதிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. எது பேசுபவரின் தேர்வு, எது விதி உண்டாக்கிய வளைவு என்று பிரித்தறிய வாக்காளருக்குச் சில விதிகள் தெரிந்திருக்க வேண்டும்.

அடிப்படை உரிமை அரசியலமைப்பின் 105ஆவது பிரிவில் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் உறுப்பினருக்குப் பேச்சுச் சுதந்திரம் உண்டு. அங்கே அவர் சொன்ன எந்தச் சொல்லுக்காகவும், அளித்த எந்த வாக்குக்காகவும் எந்த நீதிமன்றத்திலும் அவர் மீது வழக்குத் தொடர முடியாது. பணம் வாங்கிக்கொண்டு பேசுவதையோ வாக்களிப்பதையோ இந்தப் பாதுகாப்பு காப்பாற்றாது என்று 2024 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 1998இல் வந்த மாறான தீர்ப்பு அத்துடன் போயிற்று.

இந்தப் பாதுகாப்பின் அருமை ராகுல் காந்திக்கே நேர்ந்ததில் தெரிகிறது. 2019இல் கர்நாடகத்தின் கோலாரில் தேர்தல் மேடையில் பேசிய ஒரு வாக்கியத்துக்காக, அவதூறு வழக்கில் 2023 மார்ச் 23 அன்று சூரத் நீதிமன்றம் அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. மறுநாளே மக்களவை உறுப்பினர் பதவி பறிபோனது. ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை நிறுத்திவைக்க, 7ஆம் தேதி பதவி திரும்பக் கிடைத்தது. 9ஆம் தேதி மணிப்பூர் பற்றி நம்பிக்கையில்லாத் தீர்மான விவாதத்தில் அவர் பேசினார். மேடையில் சொன்னதற்கு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவைக்குள் அன்று எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் எந்த நீதிமன்றமும் அவரைக் கேட்க முடியாது. கேட்கக்கூடியவர் சபாநாயகர்.

வேலிகள் எங்கே இருக்கின்றன

முதல் வேலியை அரசியலமைப்பே போட்டிருக்கிறது. உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள் தம் கடமையைச் செய்யும் விதத்தைப் பற்றி, அவர்களைப் பதவி நீக்கும் தீர்மானத்தின்போது தவிர, விவாதிக்கக் கூடாது என்கிறது 121ஆவது பிரிவு.

மற்றவை மக்களவை விதிகளில் உள்ளவை. விதி 352 ஒரு நீண்ட பட்டியல். நீதிமன்ற விசாரணையில் இருக்கும் விஷயத்தைப் பேசக் கூடாது. சக உறுப்பினருக்கு உள்நோக்கம் கற்பிக்கக் கூடாது. உயர் அதிகாரத்தில் இருப்பவர்களின் நடத்தையை, அதற்கென முறையான தீர்மானம் இல்லாமல் விமர்சிக்கக் கூடாது. அரசு அதிகாரிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடக் கூடாது. அனுமதியின்றி எழுதி வைத்துப் படிக்கக் கூடாது என்பதுகூட அதில் உண்டு.

எதிர்க்கட்சியினரை அதிகம் தொடுவது விதி 353. யார் மீதானாலும் அவதூறான, குற்றம் சாட்டும் தன்மையுள்ள புகாரைச் சொல்வதாக இருந்தால், சபாநாயகருக்கும் சம்பந்தப்பட்ட அமைச்சருக்கும் போதிய முன்னறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். அமைச்சர் விசாரித்துப் பதில் சொல்வதற்காக இந்த ஏற்பாடு. இதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. அவையில் தாக்கப்படும் வெளியாள் எழுந்து பதில் சொல்ல முடியாது, வழக்கும் போட முடியாது. அவருக்கு இருக்கும் ஒரே கவசம் இந்த விதிதான். ஆனால் விவாதத்தின் சூட்டில் பேசுபவருக்கு இது கனமான சங்கிலி. அதனால்தான் பெயர் சொல்லாமல் பெயர் சொல்லும் வழிகள் பிறக்கின்றன.

ராகுல் காந்தியின் உரைகளை வரிசையாகப் பாருங்கள். 2018 ஜூலை 20, நம்பிக்கையில்லாத் தீர்மானம்: ரஃபேல் போர் விமான ஒப்பந்தம் பற்றி நேரடியான குற்றச்சாட்டு, முடிவில் பிரதமரின் இருக்கைக்கே சென்று கட்டியணைத்தல். அப்போதைய சபாநாயகர் சுமித்ரா மகாஜன் அதை அவை மரபுக்கு ஏற்றதல்ல என்று கண்டித்தார். அவையின் உரிமையை மீறினார் என்று புகார் சொல்லும் உரிமை மீறல் நோட்டீசும் வந்தது. 2021 பிப்ரவரியில், வேளாண் சட்டங்களைப் பற்றிப் பேசும்போது, பழைய குடும்பக் கட்டுப்பாட்டு முழக்கமான 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்பதைத் திருப்பிப் போட்டு, நாட்டை நான்கு பேர் நடத்துகிறார்கள் என்றார். அந்த நால்வரின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாததால் சொற்றொடர் இன்னும் வேகமாகப் பரவியது.

2022 பிப்ரவரி 2 அன்று நடை வேறு. இந்தியா 'மாநிலங்களின் ஒன்றியம்' என்ற அரசியலமைப்பின் முதல் பிரிவையே ஆதாரமாக எடுத்துவைத்தார். தமிழ்நாட்டு மக்களை உங்களால் ஒருபோதும் ஆள முடியாது என்று ஆளுங்கட்சியைப் பார்த்துச் சொன்னது அந்த உரையில்தான். அங்கே விதி எதுவும் குறுக்கே நிற்கவில்லை. தனிமனிதர் மீது புகார் சொல்லாமல் ஒரு கருத்தை வாதமாக வைக்கும்போது அவை எவ்வளவு இடம் தருகிறது என்பதற்கு அது நல்ல சான்று. மறு ஆண்டு பிப்ரவரி 7 அன்று பெயரைச் சொல்லியே அதானி குழுமத்தைப் பற்றிப் பேசினார், பிரதமரும் அதானியும் இருக்கும் புகைப்படத்தைத் தூக்கிக் காட்டினார். உரையின் பல பகுதிகள் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன. மீண்டும் உரிமை மீறல் நோட்டீஸ். 2024இல் 'ஏ1, ஏ2' வந்தது இந்தப் பாதையில்தான்.

எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவி

2024 ஜூனில் அவருக்குக் கிடைத்த பதவி கட்சிப் பதவி அல்ல, சட்டப் பதவி. 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி, எதிர்க்கட்சிகளில் அதிக உறுப்பினர்களைக் கொண்ட கட்சியின் தலைவரை, சபாநாயகர் அங்கீகரித்தால், எதிர்க்கட்சித் தலைவர் என்கிறோம். கேபினட் அமைச்சருக்கு இணையான சம்பளமும் வசதிகளும் உண்டு. அவையின் மொத்த இடங்களில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 55 பேர் வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் இல்லை. சபாநாயகர்கள் பின்பற்றிவரும் நடைமுறை. காங்கிரஸ் 2014இல் 44 இடங்களும் 2019இல் 52 இடங்களும் பெற்றதால் பத்தாண்டுகள் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. 2024இல் 99 இடங்கள் கிடைத்தன.

சிபிஐ இயக்குநர், ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால், தலைமைத் தகவல் ஆணையர், தலைமைத் தேர்தல் ஆணையர் ஆகியோரைத் தேர்வு செய்யும் குழுக்களில் இவருக்கு இடம் உண்டு. பேச்சைப் பொறுத்தவரை, மற்ற உறுப்பினர்கள் கட்சியின் பலத்துக்கு ஏற்பப் பிரித்த நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டியிருக்க, இவர் எழுந்தால் அவை நேரம் கொடுத்துக் கேட்பது மரபு. 2024 ஜூலை 1 அன்று, அந்தப் பதவியில் அவர் ஆற்றிய முதல் பெரிய உரை ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் நீண்டது. சிவபெருமான் படத்தைக் காட்டி அபய முத்திரையைப் பற்றிப் பேசினார். படங்களை அவையில் காட்டக் கூடாது என்று சபாநாயகர் தடுத்தார்.

நீக்குதல் என்றால் என்ன

அந்த உரையிலும் பல பகுதிகள் நீக்கப்பட்டன. மறுநாள் ராகுல் காந்தி சபாநாயகருக்குக் கடிதம் எழுதினார். நீக்கப்பட்டவை விதி 380இன் கீழ் வரமாட்டா என்பது அவர் வாதம். அந்த விதி சொல்வது இவ்வளவுதான்: அவதூறான, அநாகரிகமான, நாடாளுமன்றத்துக்கு ஒவ்வாத, கண்ணியக் குறைவான சொற்கள் பயன்படுத்தப்பட்டன என்று சபாநாயகர் கருதினால், அவற்றை அவைக்குறிப்பிலிருந்து நீக்க உத்தரவிடலாம். அவர் கருதினால் போதும். காரணத்தை எழுத வேண்டும் என்று விதியில் இல்லை, மேல்முறையீட்டுக்கும் வழி இல்லை.

இங்கே என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. எந்தக் கட்சிக்காரர் அந்த நாற்காலியில் இருந்தாலும், ஒரு சொல்லை நீக்கும்போது எந்தக் காரணத்தால் என்று ஒரு வரியாவது பதிவு செய்ய வேண்டும். நீக்கப்பட்டது ஓர் உறுப்பினரின் சொல் மட்டும் அல்ல. அவரை அனுப்பிவைத்த தொகுதியின் சொல்லும்கூட. நாளைய ஆய்வாளர் கையில் கிடைக்கப்போவது அவைக்குறிப்புதான்.

செய்தி வெளியிடுவோர் இதில் கவனமாக இருக்க வேண்டும். நாடாளுமன்ற நடவடிக்கைகளை உள்நோக்கமின்றி, உண்மையாக வெளியிடும் பத்திரிகைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. முதலில் 1956இல் அதைத் தனிநபர் மசோதாவாக, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் தரும் மசோதாவாகக் கொண்டுவந்தவர் ராகுலின் தாத்தா பெரோஸ் காந்தி. நெருக்கடி நிலையில் நீக்கப்பட்டு, 1977இல் மீண்டும் வந்தது. ஆனால் நீக்கப்பட்ட சொற்களை வெளியிடுவது உரிமை மீறலாகலாம். பீகாரின் சர்ச்லைட் பத்திரிகை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950களின் இறுதியில் அப்படித்தான் தீர்ப்பளித்தது. நேரலையில் கோடிப் பேர் கேட்டுவிட்ட சொல்லுக்கும் இந்த விதி இன்றுவரை அப்படியே இருக்கிறது.

மக்களவை உரைகளை நாடாளுமன்ற இணையதளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். நடுவில் நட்சத்திரக் குறி தென்பட்டால் பக்கத்தின் அடியைப் பாருங்கள். 'பதிவு செய்யப்படவில்லை' என்றிருந்தால் அனுமதியின்றிப் பேசியது என்று பொருள். 'அவைத் தலைவரின் உத்தரவுப்படி நீக்கப்பட்டது' என்றிருந்தால், அங்கே ஒரு சொல் பேசப்பட்டு, பிறகு எடுக்கப்பட்டிருக்கிறது.