கருவியை நீக்கிய பின்னும் நீங்காத பிரவுசர்கள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்காக, பசுந்தேயிலை வரத்து, எடை, விவசாயிகளுக்கான பட்டுவாடா ஆகியவற்றைக் கணக்கிடும் இணையச் செயலிகளைச் சோதித்துத் தருவது என் தொழில். அங்குள்ள பழைய மடிக்கணினிகளில் இடம் போதவில்லை என்ற புகார் வரும்போது, எப்போதோ முடிந்துபோன சோதனைக்காக நிறுவப்பட்ட கருவிகளின் மிச்சத்தையே நான் முதலில் தேடுகிறேன்.

பிரவுசரைத் தானாக இயக்கி இணையச் செயலியைச் சோதிக்கும் கருவி பிளேரைட்; பைத்தான் மொழிக்கான பேக்கேஜ்களை நிறுவவும் நீக்கவும் உதவுவது பிப். கமாண்ட் லைனில் 'பிப் இன்ஸ்டால் பைடெஸ்ட்-பிளேரைட்' என்று கொடுத்தால் அந்த ஒரு பேக்கேஜ் மட்டும் வருவதில்லை. சோதனைகளை ஓட்டும் பைடெஸ்ட், பிளேரைட், அவற்றுக்குத் தேவையான வேறு சிலவும் உடன் இறங்குகின்றன. அடுத்து 'பிளேரைட் இன்ஸ்டால்' கொடுக்கும்போது குரோமியம், ஃபயர்பாக்ஸ், வெப்கிட் ஆகிய மூன்று பிரவுசர்களும் பல நூறு எம்.பி. அளவில் வந்து சேரும். மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் மாறி மாறிப் போகும் மலையூரில் இது சாதாரணச் சுமையன்று. ஒரு பிரவுசரே போதுமென்றால், கட்டளையின் முடிவில் குரோமியம் என்ற பெயரைச் சேர்த்து அதை மட்டும் இறக்கிக்கொள்ளலாம்.

நீக்குவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். 'பிப் அன்இன்ஸ்டால் பைடெஸ்ட்-பிளேரைட்' என்று கொடுத்ததும், அழிக்கப்படவிருக்கும் கோப்புகளின் பட்டியலைக் காட்டி, தொடரலாமா என்று கேட்டுத் திரை காத்து நிற்கும். அடைப்புக்குறிக்குள் 'ஒய்' பெரிய எழுத்தில் இருப்பதால், வெறுமனே என்டரைத் தட்டினாலும் சம்மதம் என்றே அது எடுத்துக்கொள்ளும். தட்டுவதற்கு முன் அந்தப் பட்டியலைப் படித்தால், பைடெஸ்டும் பிளேரைட்டும் அதில் இல்லை என்பது புலப்படும். சொன்ன பெயரை மட்டுமே பிப் நீக்கும்; கூட வந்தவற்றைத் தொடாது.

அவற்றையும் பெயர் சொல்லி நீக்கினாலும் பிரவுசர்கள் அப்படியே இருக்கும். லினக்ஸில் பயனரின் ஹோமுக்குள் மறைந்துள்ள 'கேச்' அடைவிலும், விண்டோஸில் 'ஆப்டேட்டா' அடைவின் 'லோக்கல்' பகுதியிலும், 'எம்எஸ்-பிளேரைட்' என்ற பெயரில் அவை கிடக்கின்றன. பிளேரைட் போய்விட்டால் அவற்றை அழிக்கும் கட்டளையும் சேர்ந்தே போய்விடும். பிறகு அடைவைத் தேடிப்பிடித்துக் கையால்தான் அழிக்க வேண்டும். ஆகவே முதலில் 'பிளேரைட் அன்இன்ஸ்டால்', அதன் பிறகே 'பிப் அன்இன்ஸ்டால்' என்ற வரிசையை நான் விடாப்பிடியாகப் பின்பற்றுகிறேன். அந்த முதல் கட்டளையுடன் 'ஆல்' என்ற தெரிவைச் சேர்த்தால், அதே கணினியில் மற்ற பிளேரைட் நிறுவல்கள் பயன்படுத்தும் பிரவுசர்களும் அழியும் என்பதால், வேறு சோதனை நடக்கும் கணினியில் அதைச் சேர்க்கக் கூடாது.

இந்தப் பேக்கேஜ்களையெல்லாம் பைத்தானின் 'வென்வ்' கொண்டு உருவாக்கிய தனிச் சூழலுக்குள் நிறுவியிருந்தால், பிரவுசர்களை அகற்றிய பின் அந்தச் சூழலின் அடைவை அழித்தாலே பேக்கேஜ்கள் மொத்தமும் போய்விடும். லினக்ஸ் வகைகளான டெபியன் 12, உபுண்டு 23.04 முதல், கணினியின் சொந்தப் பைத்தானுக்குள் பிப் நேரடியாக நிறுவ முயன்றால் பிழை காட்டி மறுக்கப்படுகிறது. அந்தத் தடையை மீறும் தெரிவின் பெயரிலேயே உடைப்பதைக் குறிக்கும் 'பிரேக்' என்ற சொல் இருக்கிறது. இருந்தும் இணையத்தில் கண்டதை அப்படியே ஒட்டி அதைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. உபுண்டுவில், பிரவுசர்கள் இயங்கத் தேவையானவற்றை நிறுவும் 'பிளேரைட் இன்ஸ்டால்-டெப்ஸ்' கட்டளை வழியாக வந்த மென்பொருள் நூலகங்களை மட்டும் நான் அகற்றுவதில்லை. வேறு மென்பொருள்களும் அவற்றை நம்பியிருக்கக்கூடும்.