கணைய ஆபரேஷனுக்கு முந்தைய சி.டி. ஸ்கேன்: கட்டியை மட்டும் பார்த்தால் போதாது

கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி என்று ஸ்கேனுக்கு வருகிறவர்களின் வீட்டார் பெரும்பாலும் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். எவ்வளவு பெரிசு டாக்டர்? எடுத்துவிடலாமா? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால், ஆபரேஷன் முடிந்த பிறகு போட்ட தையல் தாங்குமா என்பதற்கும் அதே படங்களில் பாதி பதில் இருக்கிறது. ஸ்கேன் படம் பார்ப்பதே என் வேலை. பல ரிப்போர்ட்களில் கட்டியைப் பற்றி நீளமாக எழுதியிருக்கும், மிச்சக் கணையத்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விப்பிள் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1935ல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது. கணையத்தின் தலை, அதை ஒட்டிய முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மீதமிருக்கும் கணையத்தைக் குடலோடு சேர்த்துத் தைப்பார்கள். சில இடங்களில் இரைப்பையோடு தைப்பதும் உண்டு. சிக்கல் வருவது இந்த இணைப்பில்தான். அனுபவமுள்ள பெரிய மையங்களில்கூட 100 பேரில் 10 முதல் 20 பேருக்கு அங்கே கவனிக்க வேண்டிய அளவில் கசிவு ஏற்படுகிறது. கசிவது வெறும் நீர் அல்ல, புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் சாறு. அது வயிற்றுக்குள் தேங்கினால் சீழ் பிடிக்கும். பக்கத்து ரத்தக்குழாயின் சுவரை அரித்தால், வீட்டுக்குப் போகத் தயாராக இருந்தவருக்கு இரண்டாவது வாரத்தில் திடீரென ரத்தம் கொட்டும்.

யாருக்குக் கசியும்? குடும்பத்தாருக்கு நம்பக் கஷ்டமாக இருப்பது இங்கேதான். நல்ல கணையம்தான் அதிகம் கசியும். புற்றுநோய் கணையக் குழாயை நாள்பட அடைத்திருந்தால், அடைப்புக்குப் பின்னால் இருக்கும் குழாய் விரிந்து, சுரப்பி தழும்பேறி இறுகிப்போயிருக்கும். அதில் ஊசி போட்டால் தையல் பிடிக்கும். சாறும் குறைவாகவே சுரக்கும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் காணப்படும், கல் சேர்ந்த நாள்பட்ட கணைய அழற்சியிலும் இதே நிலைதான். மாறாக, பித்தக்குழாயின் முனையில் சின்னதாக ஒரு கட்டி, சீக்கிரமே மஞ்சள் காமாலை வந்து கண்டுபிடித்தாயிற்று என்று வையுங்கள். கணையத்துக்கு ஒரு பாதிப்பும் இல்லை. மிருதுவாக, சாறு நிறையச் சுரந்துகொண்டு, குழாய் நூல் போல மெல்லியதாக இருக்கும். “கட்டி சின்னதுதானே டாக்டர், அப்போ ஆபரேஷனும் ஈஸிதானே?” என்று கேட்பவர்களிடம் இதைத்தான் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, ஸ்கேனில் எதை அளக்கிறோம்? கணையத்தின் கழுத்து, கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரைக்கு நேர் முன்னால் இருக்கிறது. கத்தி படப்போகும் இடமும் ஏறக்குறைய அதுதான். அந்த இடத்தைப் பெரிதாக்கி, குழாயின் அகலத்தை மில்லிமீட்டரில் அளப்போம். 3 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு என்றால் எச்சரிக்கை. 2013ல் வெளியான கசிவு அபாய மதிப்பெண் முறையில் மொத்தமுள்ள 10ல் 4 வரை குழாயின் அகலத்துக்கே போகிறது. 1 மி.மீ. குழாய்க்கு அந்த 4ம் முழுசாக விழும். அப்புறம் சுரப்பியின் தடிமன், அதில் கொழுப்பு படிந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். குடலைச் சுற்றிய கொழுப்பு, 3வது இடுப்பு முதுகெலும்பு மட்டத்தில் தசையின் அளவு எல்லாம் அதே படங்களில் கிடைக்கும். தசை கரைந்திருந்தால் ஆபரேஷன் தேதிக்கு முன்னால் கிடைக்கும் நாட்களில் சாப்பாடு, நடை, மூச்சுப் பயிற்சி என்று தயார்ப்படுத்தலாம்.

ரத்தக்குழாய்கள் விஷயத்தை நான் ஒருபோதும் விடுவதில்லை. கல்லீரலுக்கு ரத்தம் தரும் சீலியாக் தமனியின் வாயை உதரவிதானத்தின் நார்ப்பட்டை சிலருக்கு அழுத்தி நெருக்கியிருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. காரணம், குடல் தமனியிலிருந்து கணையத் தலை வழியாக ரத்தம் எதிர்த்திசையில் கல்லீரலுக்குப் போய்க்கொண்டிருக்கும். விப்பிளில் அந்த வழியைத்தான் நூலால் முடிந்து வெட்டுகிறார்கள். நெருக்கல் இருப்பது முன்பே தெரியாவிட்டால் கல்லீரல் ரத்தம் போதாமல் தவிக்கலாம். இந்த நெருக்கல் பக்கவாட்டுத் தோற்றத்தில்தான் தெளிவாகத் தெரியும். குறுக்கு வெட்டுப் படங்களை மட்டும் பார்த்தால் கண்ணில் படாமல் போகலாம்.

இதெல்லாம் தெரிய வேண்டுமானால் ஸ்கேனைச் சரியான நேரத்தில் எடுக்க வேண்டும். மஞ்சள் காமாலை என்றதும் அடைபட்ட பித்தக்குழாயில் அவசரமாக ஸ்டென்ட் (பித்தம் வடிய ஒரு சிறு குழாய்) வைத்துவிட்டு, பிறகு ஸ்கேனுக்கு அனுப்புகிறார்கள். ஸ்டென்ட் வைக்கும்போது கணைய அழற்சி வந்துவிட்டால் சுற்றிலும் வீங்கி, கட்டி எது, வீக்கம் எது என்று பிரிக்க முடியாது. காய்ச்சலோடு பித்தக்குழாயில் தொற்று, ரத்தத்தில் மிக அதிகமான பிலிரூபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி), முதலில் கீமோ என்ற முடிவு இப்படிப்பட்ட நிலைகளில் ஸ்டென்ட் அவசியம்தான். ஆனால் எல்லோருக்கும் வேண்டியதில்லை. 2010ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், நேராக ஆபரேஷனுக்குப் போனவர்களில் 39 சதவீதத்தினருக்குப் பெரிய சிக்கல்கள் வந்தன. முதலில் ஸ்டென்ட் வைத்தவர்களில் அது 74 சதவீதம். ஸ்டென்ட் வேண்டும் என்றாலும், முடிந்தவரை அதற்கு முன்னாலேயே சி.டி. எடுத்துவிடுங்கள்.

முன்கூட்டித் தெரிந்து என்ன பயன்? வயிற்றுக்குள் சேரும் நீரை வெளியேற்றும் டிரெயின் டியூபை எப்போது எடுப்பது, கசிவைக் குறைக்கும் ஊசி மருந்து தேவையா, ஐ.சி.யூ. படுக்கை ஒதுக்க வேண்டுமா என்ற முடிவுகள் மாறும். வயதும் இதய நோயும் சேர்ந்தவருக்கு ஆபரேஷனே வேண்டுமா என்ற பேச்சும் நேர்மையாக நடக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு லேசாகக் காய்ச்சல் வந்தாலும் மறு ஸ்கேனுக்குத் தயங்க மாட்டார்கள். நெதர்லாந்தில் நாடு முழுக்க 17 மையங்களில், கசிவைச் சீக்கிரம் கண்டுபிடிக்கத் தினசரி கண்காணிப்பும் உடனடி சி.டி.யும் கொண்ட ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தபோது, 90 நாள் இறப்பு 5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. 2022ல் வெளியான முடிவு இது.

ஸ்கேன் சொல்வது முடிந்த முடிவு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுரப்பி எவ்வளவு மிருது என்று கடைசியில் சொல்வது அறுவை மருத்துவரின் விரல்தான். அபாயம் குறைவு என்று நாங்கள் எழுதியவருக்கும் கசியலாம், அதிகம் என்று எழுதியவர் ஒரு தொந்தரவும் இல்லாமல் பத்தாம் நாள் வீட்டுக்குப் போகலாம்.

வேறு மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால் ரிப்போர்ட் தாளும் நாலு ஃபிலிமும் போதாது. மெல்லிய துண்டுகளாக எடுத்த முழுப் படங்களையும் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். ரத்தக்குழாய்களைப் பளிச்செனக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி, தமனிகளும் கணையமும் தெரியும் நேரத்தில் ஒரு முறை, சிரைகள் தெரியும் நேரத்தில் இன்னொரு முறை எடுத்ததா என்றும் கேளுங்கள். கிட்னி கோளாறோ சர்க்கரை மாத்திரையோ இருந்தால் கான்ட்ராஸ்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்கேன் எடுத்து 4 வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஆபரேஷனுக்கு முன் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். வீண் செலவு என்று மறுக்க வேண்டாம். போன மாதம் சிரையைத் தொடாமல் இருந்த கட்டி, இந்த மாதம் அதை ஒட்டியிருக்கலாம்.