நான்கு செயலிகள், ஆறு செய்திகள்

பல செயலிகள் (ப்ராசஸர்கள்) ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்வது இணைக்கணினி. செய்தி அனுப்பி இயங்கும் வகையில் ஒவ்வொரு செயலிக்கும் தனி நினைவகம். பக்கத்துச் செயலியிடம் உள்ள எண் வேண்டுமென்றால் அது அனுப்ப வேண்டும், இது வாங்க வேண்டும். அனுப்பும், வாங்கும் அந்த நிரல் வரிகளை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே எழுதட்டும் என்றுதான் 1993-இல் ஹை பெர்ஃபார்மன்ஸ் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழி வந்தது. நிரலர் வழக்கமான லூப்பை (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் வரிகளை) எழுதி, அணியை, அதாவது வரிசையாக அடுக்கிய எண்களை, எப்படிப் பங்கிடுவது என்று மட்டும் சொன்னால் போதும்.

உதாரணமாக, ஏ, பி என 1000 உறுப்புள்ள இரண்டு அணிகள். முனைகளைத் தவிர்த்து, ஏ-யின் ஒவ்வொரு உறுப்பும் பி-யில் அதற்கு இருபுறமும் உள்ள எண்களின் சராசரி. செயலிகள் நான்கு, ஆளுக்கு 250 தொடர் உறுப்புகள். எந்த உறுப்பில் எழுதுகிறோமோ, அதை வைத்திருக்கும் செயலிதான் கணக்கைப் போடும்.

இதை அப்படியே மொழிபெயர்த்தால் நான்கு செயலிகளும் 998 சுற்றும் சுற்றி, ஒவ்வொன்றிலும் 'இது என்னுடையதா?' என்று சோதிக்கும். தேவைப்படும் இடத்தில் ஒற்றை எண்ணை அனுப்பும். விடை சரிதான், ஆனால் ஒரே செயலியில் ஓட்டியதைவிட மெதுவாகவும் போகலாம். நல்ல கம்பைலர் முதலில் லூப்பின் எல்லையையே சுருக்கும்: முதல் செயலிக்கு 2 முதல் 250, இரண்டாவதுக்கு 251 முதல் 500. அடுத்து, இரண்டாவது செயலிக்கு வெளியிலிருந்து தேவை 250-ஆவதும் 501-ஆவதும் மட்டுமே என்று கணித்து, அவற்றுக்கு பி-யில் தன் துண்டின் இரு முனையிலும் ஓர் உறுப்பு கூடுதலாக ஒதுக்கி, லூப் தொடங்கும் முன்பே வாங்கி வைக்கும். மொத்தம் ஆறு செய்திகள், ஆறு எண்கள்.

உறுப்புகளைச் சீட்டாட்டத்தில் சீட்டுப் பிரிப்பதுபோல் ஆளுக்கு ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றிப் பங்கிட்டிருந்தால்? ஒவ்வோர் அண்டை எண்ணும் வேறு செயலியில் இருக்கும். செய்திகளைச் சேர்த்து அனுப்பினால் எட்டுதான், ஆனால் அவற்றில் 1996 எண்கள் பயணிக்கும். அதற்காக இந்தப் பங்கீடு வீண் என்றில்லை. சமன்பாடுகளில் மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கித் தீர்க்கும் காஸ் நீக்கல் முறையில் வேலை நடக்கும் பகுதி போகப்போகச் சுருங்கும்; தொடர் துண்டுகளாகக் கொடுத்தால் முதல் செயலி சீக்கிரமே சும்மா உட்கார்ந்துவிடும்.

அனுப்பும் வரிசையும் முக்கியம். அண்டைச் செயலிகள் இரண்டும் 'அனுப்பி முடித்துவிட்டுத்தான் வாங்குவேன்' என்று நின்றால் நிரல் உறைந்துபோகும். சிறிய செய்திகள், வாங்கப்படும்வரை வைக்கும் இடைநினைவகத்தில் தங்கிக்கொள்வதால் சோதனையில் இது பெரும்பாலும் தெரியாது. செய்தி பெரிதாகும்போதுதான் மாட்டிக்கொள்ளும்.

எந்த உறுப்பைப் படிக்க வேண்டும் என்பதே இன்னோர் அணியில் இருந்தால், கம்பைல் நேரத்தில் எதையும் கணிக்க முடியாது. அப்போது லூப்பை இரண்டாகப் பிரிப்பார்கள்: நிரல் ஓடும்போதே முதல் பாதி யாரிடமிருந்து எது வேண்டும் என்று பட்டியல் எடுக்கும், இரண்டாவது பாதி அதன்படி வாங்கிக் கணக்கிடும். பட்டியல் எடுப்பது செலவான வேலை. அதே பட்டியல் பல சுற்றுகளுக்குப் பயன்பட்டால்தான் கட்டுபடியாகும்.