ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்

தூளி கட்டும் ஸ்பிரிங்கைப் பார்க்காத தமிழ் வீடு குறைவு. குழந்தையைக் கிடத்தி ஒருமுறை இழுத்துவிட்டால் போதும், தூளி வெகுநேரம் தானாக மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். குழந்தைக்கு அது சுகம். அதே ஆட்டம் காய்கறி ஏற்றிய வண்டிக்கு வந்தால் ஆபத்து.

ஓசூரிலிருந்து பெங்களூரு சிட்டி மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிவரும் என் மச்சினனின் பழைய பிக்கப்புக்கு அதுதான் வந்திருந்தது. அல்சூரில் எங்கள் தெருமுனை ஹம்ப்பில் இறங்கினால் முன்பக்கம் ஒருமுறை அமுங்கி எழுந்து நிற்க வேண்டும். இது மூன்று நான்கு முறை தலையாட்டியது.

"ஷாக்கு போயிடுச்சு மாமா. குழியில விழுற அடியை எல்லாம் அதுதானே தாங்குது?" என்றான்.

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஷாக் அப்சார்பர் என்ற பெயரே அப்படி நினைக்க வைக்கிறது. உண்மையில் அடியை வாங்குவது சுருள் ஸ்பிரிங். வண்டியின் பாரத்தைத் தாங்குவதும் அதுதான். ஆனால் வாங்கிய ஆற்றலை ஸ்பிரிங் வைத்துக்கொள்ளாது, அப்படியே திருப்பித் தள்ளும். அதனால்தான் வண்டி நொடிக்கு ஒன்றிரண்டு முறை என்ற கணக்கில் எழுந்து எழுந்து அமுங்குகிறது. அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை.

எப்படி அடக்குகிறது? இடியாப்ப நாழியை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக அழுத்தினால் மாவு இழையிழையாக இறங்கும். அவசரப்பட்டு அழுத்தினால் கை வலிக்கும், நாழி அசையாது. ஷாக்கின் குழலுக்குள் மாவுக்குப் பதில் எண்ணெய், அதில் சிறு துளைகள் உள்ள பிஸ்டன். சக்கரம் எவ்வளவு வேகமாக மேலும் கீழும் போகிறதோ, எண்ணெய் அவ்வளவு முரண்டு பிடிக்கும். துளைகளை மூடியிருக்கும் மெல்லிய எஃகுத் தகடுகள் அழுத்தத்துக்கேற்ப வளைந்து வழிவிடும். பொதுவாக, ஸ்பிரிங் அமுங்கும்போது எதிர்ப்பு குறைவு, விரியும்போது அதிகம். ஸ்பிரிங்கின் துள்ளல் எண்ணெயில் உராய்ந்து சூடாக மாறி, குழல் வழியாகக் காற்றில் கலந்துவிடுகிறது.

ஷாக் செத்தால் சொகுசு மட்டும் போவதில்லை. துள்ளும் டயர் சாலையைச் சரியாகக் கவ்வாது. கவ்வாத டயரில் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது. மச்சினனின் கையைப் பிடித்து டயரின் ஓரத்தில் தடவச் சொன்னேன். மேடும் பள்ளமுமாக அலையலையாகத் தேய்ந்திருந்தது.

இந்த வண்டியில் இருப்பது ஸ்ட்ரட். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபர்சன் 1940களில் உருவாக்கிய அமைப்பு. 1950இல் ஃபோர்டு நிறுவனத்தின் பிரிட்டிஷ் கார்களான கான்சலும் செஃபிரும் இதோடு வந்தன. ஸ்பிரிங், ஷாக் இரண்டையும் ஒரே தூணாக்கி, சக்கரத்தை நேராக நிறுத்தும் பொறுப்பையும் அதன் தலையிலேயே கட்டினார். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் தூணும் சேர்ந்து திரும்பும். அதற்காகத் தலைப்பகுதியில் ஒரு பேரிங் உண்டு. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மேலே 'டொக்' என்று கேட்டால், முதலில் அந்தப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் பெங்களூரு ஜே.சி. ரோட்டில், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே புது ஷாக் வாங்கினோம். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் வண்டி ஒரு பக்கமாக ஆடும். பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கைவிடவே கூடாது. பிரேக் ஹோஸைத் தூணோடு பிடித்திருக்கும் பிடிப்பிலிருந்து மட்டும் விடுவித்து ஒதுக்கி, கீழே இரண்டு போல்ட், மேலே மூன்று நட்டு எடுத்தால் தூண் கையோடு வந்துவிடும்.

மேலே நடுவில் பெரிதாக இன்னொரு நட்டு இருக்கும். அதில் மட்டும் ஸ்பேனரை வைக்காதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 20 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங் 10 சென்டிமீட்டர் அமுங்கியிருக்கிறது என்று வையுங்கள். உள்ளே 100 ஜூல் அடைபட்டிருக்கும். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு கிலோ சுத்தியல் விழுந்தால் என்ன அடியோ, அந்த அடி முகத்தில் விழும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரஸரை எதிரெதிராக இரண்டு பக்கமும் மாட்டி, சமமாக முறுக்கி, ஸ்பிரிங் தளர்ந்து ஆடுகிறதா என்று பார்த்த பிறகே அந்த நட்டு. கருவி இல்லையென்றால் அந்த ஒரு வேலைக்குத் தூணைப் பட்டறைக்கு எடுத்துப் போவதே நல்லது.

பழைய ஷாக்கைத் தனியாக எடுத்ததும் அதன் தண்டை அழுத்தினேன். 'களக்' என்று உள்ளே போனது, போன இடத்திலேயே கிடந்தது. தண்டைச் சுற்றி எண்ணெயை அடைத்து வைக்கும் சீல் கிழிந்து, எண்ணெய் கசிந்து, குழல் முழுக்கச் செம்மண் அப்பியிருந்தது. புதியதை அழுத்த இரண்டு கையும் வேண்டியிருந்தது. விட்டதும் தண்டு தானாக மெல்ல மேலே வந்தது. உள்ளே அழுத்தி அடைத்திருக்கும் நைட்ரஜன் செய்யும் வேலை அது. வேகமான ஆட்டத்தில் எண்ணெய் நுரைத்துவிடாமல் காப்பதும் இந்த வாயுதான். நுரைக்கு எதிர்ப்பு கிடையாது. பளபளக்கும் அந்தத் தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடிக்கக் கூடாது. ஒரு கீறல் விழுந்தாலும் சீல் அறுந்து, புதிய ஷாக்கும் கசிய ஆரம்பிக்கும்.

கீழ் போல்ட்டைக் கழற்றி மாட்டியதில் சக்கரத்தின் சாய்வு கொஞ்சம் மாறியிருக்கும். அதனால் மறுநாளே வீல் அலைன்மென்ட் பார்த்தோம்.

அடுத்த முறை அவன் ஓசூர் போய் வந்ததும், பக்கத்திலிருக்கும் பிரேக் டிஸ்க்கில் கைபடாமல் ஷாக்கின் குழலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"வெதுவெதுன்னு இருக்கு மாமா" என்றான்.