வேலையால் வந்த நோய்க்கும் பெர்கேசோ உண்டு

பினாங்கின் பிறை தொழிற்பேட்டையில் இயந்திரத்தில் கை சிக்கினால், மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ பணம் கொடுக்கும் என்பது அங்கு வேலை செய்யும் எவருக்கும் தெரியும். அதே தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் சாயம் தெளித்தவருக்கு மூச்சிரைப்பு வந்தாலும், சந்தைக் கால்வாயைக் கழுவியவருக்கு எலிக்காய்ச்சல் வந்தாலும், சட்டம் அதை விபத்துக்குச் சமமாகவே வைத்திருக்கிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ‘வேலைக் காயம்’ என்று சொல்லும்போது, வேலையால் உண்டாகும் நோயையும் சேர்த்தே சொல்கிறது.

எந்த நோய் எந்த வேலையால் வரும் என்பதை அச்சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை பொருத்திக் காட்டுகிறது. ஈயம், பாதரசம், பென்சீன் போன்ற நச்சுப் பொருள்களால் வரும் பாதிப்புகளும், எலி நடமாடும் இடங்களில் வேலை செய்வோருக்கு வரும் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சலும், நோயாளிகளைக் கவனிக்கும் பணியில் இருப்போருக்குத் தொற்றும் காசநோயும் அதில் அடங்கும். அட்டவணையில் உள்ள வேலையைச் செய்தவருக்கு அதற்குரிய நோய் வந்தால், மறுத்து நிரூபிக்கப்படாத வரையில் அது வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும். வேலையை விட்ட 60 மாதங்களுக்குள் நோய் வந்தாலும் இதே நிலைதான். நச்சுப் பொருள் உடம்பில் தன் வேலையைக் காட்ட ஆண்டுகள் ஆகும் என்பதால், இந்த ஐந்தாண்டுக் கால அளவு பெரிய சலுகை என்று சொல்வதற்கில்லை.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் கோரிக்கைகள் எங்கே தடுக்கி விழுகின்றன? என் அனுபவத்தில், முதல் கிளினிக்கிலேயே. கோயில் மண்டபத்தில் படிவம் நிரப்பித் தரும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வாகனங்களுக்குச் சாயம் தெளிக்கும் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர், மைலோ டின்னில் சேர்த்து வைத்திருந்த எம்.சி. என்னும் மருத்துவ விடுப்புச் சீட்டுகளை என் முன்னால் கொட்டினார். பதினொரு சீட்டுகள். எல்லாவற்றிலும் பட்டறையின் பெயர் இருந்தது. ஒன்றில்கூட அவர் செய்யும் வேலை இல்லை. “எங்க வேலைன்னு கேட்டாங்கக்கா, என்ன வேலைன்னு யாரும் கேக்கல” என்றார்.

அவருடைய நோயின் கதை அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது. காருக்கு அடிக்கும் இருகலவைச் சாயத்தை இறுக வைக்கச் சேர்க்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. தெளிக்கும்போது நுண்துளியாக மூச்சுக்குழாய்க்குள் போகும் இது, சிலருடைய உடம்பில் மெல்ல ஒவ்வாமையை வளர்த்து ஆஸ்துமாவாக மாறுகிறது. அந்த ஒவ்வாமை ஒரு முறை வேரூன்றிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை அடைக்கப் போதுமானது. சாதாரணத் துணி முகமூடி இதைத் தடுக்காது. நோய் வேலையிடத்திலிருந்து வருகிறது என்பதற்கான அடையாளமும் எளியதுதான்: வேலை நாட்களில், குறிப்பாக மாலையிலும் இரவிலும் இருமலும் இரைப்பும் கூடும், ஞாயிற்றுக்கிழமையிலும் நீண்ட விடுமுறையிலும் குறையும். தீபாவளிக்குப் பத்து நாள் ஊரில் இருந்தபோது மூச்சிரைப்புக்கு அடிக்கும் பம்ப் தேவைப்படவில்லை என்பதை அவரே பேச்சுவாக்கில் சொன்னார். அதைத்தான் மருத்துவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மூச்சின் வேகத்தை அளக்கும் சிறு கருவியில் வேலை நாளிலும் ஓய்வு நாளிலும் ஊதிக் குறித்து வைத்தால், அந்த எண்களே சான்றாகும்.

எலிக்காய்ச்சலில் காலம் இன்னும் சுருக்கம். எலியின் சிறுநீர் கலந்த நீரோ சேறோ தோலிலுள்ள வெடிப்பு, வெட்டுக்காயம், கண் ஆகியவற்றின் வழியே கிருமியை உள்ளே அனுப்பிய பிறகு, பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரங்களில் காய்ச்சல் தொடங்கிவிடும். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தும், டிங்கிக் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்து வீட்டுக்கு அனுப்பப்படுவது உண்டு. சாக்கடை, சந்தை, குப்பை, வெள்ளத்துக்குப் பிந்திய துப்புரவு ஆகிய வேலைகளில் இருப்போர், காய்ச்சலுக்குப் போகும்போதே “நான் சாக்கடையில் நின்று வேலை செய்பவன்” என்று முதல் வாக்கியமாகச் சொல்வது நல்லது. இது கோரிக்கைக்கு முன்பே உயிரைக் காக்கும் வாக்கியம். தாமதமானால் சிறுநீரகமும் ஈரலும் பாதிக்கப்படும்.

ஒரு நோய்க்கு மூன்று அறிவிப்புகள் உண்டு என்பதையும் பிரித்து அறிய வேண்டும். 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், காசநோய், டிங்கி, எலிக்காய்ச்சல் போன்றவற்றை மருத்துவர் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அது நோய் பரவாமல் இருப்பதற்கு. வேலையால் வந்த நோயையும் நச்சுப் பாதிப்பையும் ஏழு நாட்களுக்குள் ஜே.கே.கே.பி. என்னும் வேலையிடப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டியவர் முதலாளி. சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கும் இக்கடமை உண்டு. பெர்கேசோவுக்குப் போவது மூன்றாவது. முதல் இரண்டும் நடந்துவிட்டதால் மூன்றாவது தானாக நகரும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

கோரிக்கை ஏற்கப்பட்டால் சிகிச்சைச் செலவு பெர்கேசோவின் பொறுப்பு. குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்பு இருந்தால், வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சராசரி நாள் ஊதியத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். மாதம் 2,400 ரிங்கிட் வாங்குபவருக்கு நாளொன்றுக்கு 60 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் வரும். முதலாளி சம்பளம் கொடுத்த நாட்களுக்கு இது கிடையாது. நிரந்தர இழப்பு இருந்தால் மருத்துவர் குழு அதை விழுக்காட்டில் அளந்து, சராசரி நாள் ஊதியத்தின் 90 விழுக்காட்டை அடிப்படையாக வைத்துத் தொகை கணக்கிடப்படும். இழப்பு 20 விழுக்காட்டுக்குள் இருந்தால் மொத்தமாகவே பெற்றுக்கொள்ளலாம். இறந்துபோனால் குடும்பத்தாருக்கு உதவித்தொகை உண்டு. இத்திட்டத்துக்கான சந்தா முழுவதும் முதலாளியுடையது. ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் முதலாளி பதிவு செய்தாக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வேலை உரிமத்தோடு வந்திருப்போருக்கும் 2019 ஜனவரி 1 முதல் வேலைக் காயப் பாதுகாப்பு உண்டு.

வேதிப்பொருள் புழங்கும் இடங்களுக்கு 2000ஆம் ஆண்டின் தனி விதிமுறை ஒன்று இருக்கிறது. அதன்படி முதலாளி அப்பொருள்களின் ஆபத்தை மதிப்பிட வேண்டும். தேவையென்று மதிப்பீடு சொன்னால், தொழிலாளிக்கு 12 மாதத்துக்கு ஒரு முறையாவது மருத்துவச் சோதனை தன் செலவில் செய்விக்க வேண்டும். அந்தப் பதிவுகளை 30 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். முகக்கவசத்துக்கும் கையுறைக்கும் சம்பளத்தில் பணம் பிடிப்பது 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படியே தவறு. 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கும் அச்சட்டத்தின் திருத்தம், உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காத நிலையில், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையையும் தருகிறது. டிரம்மில் ஒட்டியுள்ள, சிவப்பு விளிம்புச் சாய்சதுர ஆபத்துக் குறி உள்ள லேபிளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் பொருளின் பெயரைச் சரியாகச் சொல்ல அது உதவும். நச்சு உள்ளே போய்விட்டதென்ற ஐயம் எழுந்தால், பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் கேட்கலாம். மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் முதலில் 999.

சாயப் பட்டறைக்காரர் கிளினிக்குக்குத் திரும்பப் போய், தம் வேலையையும் ஹார்டனரின் பெயரையும் குறிப்பில் எழுதச் சொன்னார். நெஞ்சு நோய் நிபுணரிடம் அனுப்பும் கடிதமும் அன்றே கிடைத்தது. கோரிக்கையோடு இத்தகைய மருத்துவ அறிக்கை, எம்.சி. சீட்டுகள், வருகைப் பதிவு, செய்த வேலையை ஆண்டுவாரியாகச் சொல்லும் குறிப்பு ஆகியவற்றை இணைக்க வேண்டும். தொழில்சார் நோயை முடிவு செய்வது சிறப்பு மருத்துவர் குழு. அதன் முடிவு ஏற்புடையதாக இல்லையென்றால், முடிவு கைக்கு வந்த 90 நாட்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவர் குழுவிடம் முறையிடலாம். அதே காயத்துக்காக முதலாளிமீது தனியே இழப்பீட்டு வழக்குப் போட இச்சட்டத்தின் 31ஆவது பிரிவு இடம் தராததால், அந்த 90 நாளைத் தவறவிடக் கூடாது.